ஆலாத்திட்டு விருந்துக்கு வந்த கோடை

கொண்டல்முனை வியாகுலத்துக்கு ஒரு வியாதி இருந்தது. எதிரே நிற்கிறவர் கரண்டுக் கணக்கு எடுக்க வந்தவரோ, ஐஸ் வண்டி ஓட்டி வந்தவரோ, போன வாரம் ஏலக்கடையில் அவர் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவரோ, யாராக இருந்தாலும் சரி, பேசி முடித்துத் திரும்பும்போது, "ஒருநாள் குடும்பத்தோட நம்ம வீட்டுக்கு வாங்க, மீன் சாப்பிட்டுப் போவலாம்" என்று சொல்லாமல் அவரால் வாயை மூட முடியாது. அழைக்கிறவர் அவர், மசாலா அரைக்கிறவள் அவர் மனைவி பிரகாசி. இப்படிப் போகிற போக்கில் சொல்கிற அழைப்பை நம்பி வந்துவிடக் கூடாது என்கிற நாகரிகம் நம் சனங்களிடம் இன்னும் மிச்சம் இருப்பதால், பத்துப் பேரை அழைத்தால் ஒருவர்தான் வந்தார். அந்த ஒருவர் குடும்பத்தோடு வந்தார்.

ஊரையே வாயால் அழைத்த இந்த மனிதர், அழைக்க வேண்டிய ஒரே ஒரு ஆளை முறையாக அழைக்காமல் விட்டிருந்தார். அது பிரகாசியின் அக்கா மிக்கேலம்மாள். கடலோரமாகவே பஸ்ஸில் போனால் சாயா ஆறுவதற்குள் வந்துவிடுகிற சங்குவலசையில் இருக்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வியாகுலமும் பிரகாசியும் ஓலைக் குடிசையைப் பிரித்துக் காரை வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, வெற்றிலை, பாக்கு, பழம், சர்க்கரை வைத்த தட்டோடு வீடு வீடாகப் போய் ஊரை அழைத்தவர்கள், சங்குவலசைக்கு மட்டும் போகவில்லை. ஏலக்கடையில் மிக்கேலம்மாளின் புருஷனைப் பார்த்த வியாகுலம், மீன் கூடைக்கு மேலாக எட்டி, "புதன்கெழம பால்காய்ச்சு, மதினியக் கூட்டிட்டு வந்துருங்க" என்று சொன்னதோடு சரி. "கூடப் பொறந்தவளுக்குத் தட்டு எதுக்கு, அவ வீடு மாதிரிதானே" என்று சுண்ணாம்பு அடிக்கிற மும்முரத்தில் பிரகாசியும் விட்டுவிட்டாள். "கூடப் பொறந்தவளுக்கே தட்டு இல்லேன்னா அந்தத் தட்டு வேற யாருக்கு" என்று மிக்கேலம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். அநியாயச் சண்டை என்றால் யாராவது ஒருத்தி வெட்கப்பட்டு ஒரு மாதத்தில் இறங்கி வந்திருப்பாள். நியாயச் சண்டை என்பதால் பதினோரு வருஷம் ஓடியது.

பால்காய்ச்சுக்கு வருகிற அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று வாங்கிய மயில்கழுத்து நிறச் சேலை பிரகாசியின் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசத்தோடு கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்து மடிப்பு மாற்றி வைப்பாள். அக்கா வேண்டும் என்று அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரோஷக்காரி. அவள் சொல்லாததால் நாமே சொல்லிவிடுவோம்: அவளுக்கு அக்கா வேண்டியிருந்தது, ரொம்பவே வேண்டியிருந்தது.

இனி ஆலாத்திட்டுக்கு வருவோம். கொண்டல்முனையிலிருந்து தெற்கே, கரை கண்ணுக்குச் சின்னதாகப் போகிற தூரத்தில், மரமில்லை செடியில்லை, வெறும் மணலாக ஒரு திட்டு கிடக்கிறது. கோடை வந்தால் ஆலா என்கிற கடற்பறவைகள் எங்கெங்கிருந்தோ வந்து அந்த வெறும் மணலில் முட்டையிட்டு, கறுப்புக் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, வெயிலில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலமும் அதே கோடையில்தான் வரும் என்பதால், வியாகுலம் தன் 'விடிவெள்ளி'க்குப் பச்சை வர்ணம் அடித்து, மேலே கூரைத்துணி கட்டி, வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆலா காட்டப் போவார். கூடவே வனக்காவலர் பூமிநாதன் வருவார். படகில் போய்த் திட்டில் இறங்கக் கூடாது என்பது சட்டம்; சுற்றி மட்டும் வரலாம். சுற்றுலாக்காரர்கள் கொஞ்ச நேரம் பறவையைப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் வாந்தி எடுப்பார்கள், மிச்ச நேரம் சிப்ஸ் தின்பார்கள். படகு திரும்பும்போது வியாகுலம் வழக்கம்போலத் திட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "எல்லாரும் குடும்பத்தோட ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க" என்பார். படகே சிரிக்கும்.

அந்த வருஷம் ஒரு மதுரைக்காரர் சிரிக்கவில்லை. "என்னண்ணே, இம்புட்டுப் பேரக் கூப்பிடுறீக, வெறும் வாயால கூப்பிட்டா எவன் வருவான்? எங்க ஊர்ல எல்லாம் தட்டு வச்சுல்ல கூப்பிடுவோம்" என்று சீண்டினார். வியாகுலத்துக்குச் சுருக்கென்றது. தன் வெற்றிலைப் பெட்டியின் மூடியைத் திருப்பித் தட்டாக்கி, வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் வைத்து, மதுரைக்காரரின் மகள் கையிலிருந்த வாழைப்பழத்தை வாங்கி வைத்து, சாயாவுக்குக் கொண்டுவந்த சர்க்கரைப் பொட்டலத்தையும் வைத்து, படகின் முனையில் போய் நின்று, இரண்டு கையாலும் திட்டை நோக்கி நீட்டி, "வர்ற ஞாயித்துக்கெழம, காலைப் பூசைக்குப் பொறவு, மத்தியானச் சாப்பாட்டுக்கு, கொண்டல்முனை வியாகுலம் வீட்டுக்கு அவசியம் வந்துரணும்" என்று நாள், நேரம், இடம் மூன்றும் சொல்லி அழைத்தார். வயதான ஆலா ஒன்று எழுந்து வந்து, தட்டுக்கு மேல் ஒரு வட்டம் போட்டு, வெற்றிலையில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்த் திட்டின் நடுவில் வைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பூமிநாதன் மட்டும், "அண்ணே, வெத்தலய எடுத்துருச்சே" என்று கவலைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து சனம் மாதா கோயிலை விட்டு வெளியே வந்தபோது, ஆலாத்திட்டு வந்து படகுத்துறையை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. முட்டையோடும் குஞ்சோடும், ஒரு பிடி மணல் சிந்தாமல், சுத்தமாக வந்திருந்தது. அத்தனை ஆலாவும் ஒரே பக்கமாக, கரையில் முதல் வீடான வியாகுலத்தின் வீட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. எப்படி வந்தது என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அழைத்தார், வந்திருக்கிறார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது? சங்கத் தலைவர் கஸ்பார், "வந்தவுகள வாசல்ல நிக்க வச்சுட்டு எல்லாரும் என்ன வேடிக்கை பாக்குறீக" என்று சத்தம் போட்ட பிறகுதான் ஊருக்கு உறைத்தது.

பிரகாசி அகப்பையோடு வெளியே வந்தாள்.

"எத்தன பேரு?" என்றாள்.

"எண்ணல. குடும்பத்தோட வாங்கன்னுதான் சொன்னேன்" என்றார் வியாகுலம்.

"எப்பயும் சொல்றதுதானே. இந்தத் தடவ மட்டும் எப்படி வந்தாக?"

வியாகுலத்துக்குப் பொய் சொல்ல வராது. தட்டு வைத்து அழைத்ததைச் சொன்னார். பிரகாசியின் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற கஸ்பாரே இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

"ஆலாவுக்குத் தட்டு" என்றாள் பிரகாசி. "வெத்தல, பாக்கு, பழம். சர்க்கர வேற. எங்க அக்காளுக்கு மீன் கூடைக்கு மேல நின்னு சொன்ன வாயி, ஆலாவுக்குத் தட்டு வச்சிருக்கு!"

வாசலில் விருந்தாளியை வைத்துக்கொண்டு அழுகிற பழக்கம் அவள் குடும்பத்தில் கிடையாது. உள்ளே போய் உலையை ஏற்றினாள். முதல் பந்தியில் இலை போட்டுச் சூடைமீன் குழம்பு ஊற்றினார்கள். வயதான ஆலா மரியாதைக்கு அலகை நனைத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் கோக்க, மறுபடி நனைக்காமல் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. காரம் ஆகாது என்று புரிந்து, அடுத்த பந்தியிலிருந்து பச்சை மீனாகவே வைத்தார்கள். வியாகுலம் வீட்டுக்கு மட்டும் அழைத்திருந்தாலும், ஊர் எல்லைக்குள் வந்துவிட்டால் ஊருக்கே விருந்தாளி என்று கஸ்பார் தீர்ப்புச் சொல்லி, வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்தார். தடைக்காலத்துக்குக் கட்டுப்படாத சின்ன வள்ளங்கள் கொண்டுவந்த சூடையும் நெத்திலியும் கூடை கூடையாகத் திட்டுக்குப் போயின.

ஊர் பழகிக்கொண்டது. திட்டில் காலை வைத்தால் குஞ்சுள்ள ஆலாக்கள் பாய்ந்து உச்சந்தலையில் கொத்தின. விருந்தாளி கொத்தினால் திருப்பி அடிக்க முடியுமா? எல்லோரும் தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். பிறகு திட்டுக்குப் போகாதவர்களும் கவிழ்த்துக்கொண்டார்கள், வெயிலுக்கு நன்றாயிருந்தது. பூசை நேரத்தில் ஆலாக்கள் கத்துகிற கத்தலில் பங்குச் சாமியார் பிரசங்கத்தைப் பாதியாகச் சுருக்கினார். திட்டு வந்ததை அதிசயம் என்று சொல்லாத ஊர் இதை அதிசயம் என்று சொன்னது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் எச்சமானது. "வந்தவுக எச்சத்தப் பத்திப் பேசப்படாது" என்று பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி துவைத்தார்கள். பூமிநாதன் மட்டும் சட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தார். மூன்றாம் நாள் அவருக்குத் தெளிவு பிறந்தது. "படகுல போயி எறங்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நடந்து போறதப் பத்தி ஒண்ணுமே போடல. முட்டைய மிதிக்காம ஓரமாப் போயிட்டு வாங்க" என்றார்.

பஸ் கண்டக்டர்கள் இருக்கும்வரை எந்தச் செய்தியும் ஒரே ஊரில் அடைந்து கிடப்பதில்லை. வியாகுலம் ஆலாவுக்குத் தட்டு வைத்து அழைத்தார், ஆலா வந்துவிட்டது என்கிற செய்தி சங்குவலசையில் போய் இறங்கியது. மறுநாள் காலைப் பஸ்ஸில் மிக்கேலம்மாள் வந்து இறங்கினாள்.

கட்டைகுட்டையான உருவம், வாயில் வெற்றிலை, தலையில் பித்தளைச் சட்டி. ஊரே அலுமினியத்தில் திரிந்தபோது அவள் மட்டும் பித்தளையில் வந்தாள். தங்கை வீட்டு வாசலைத் தாண்டும்போது கழுத்தைத் திருப்பாமல், ஆனால் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நா யாரு வீட்டுக்கும் வரல. தட்டு வச்சு அழைச்ச பெரிய மனுஷங்க வந்திருக்காகளாமே, அவுகளப் பாத்துட்டுப் போவ வந்தேன்" என்று சொல்லிவிட்டு நேரே திட்டுக்குப் போய், முட்டை இல்லாத ஓரமாக முந்தானையை விரித்து உட்கார்ந்துகொண்டாள். சொன்னது உண்மைதான். திட்டு பிரகாசியின் வீடும் இல்லை, கொண்டல்முனையும் இல்லை. அது விருந்துக்கு வந்த இடம். அங்கே உட்கார்ந்தால் ரோஷத்துக்கு ஒரு குறையும் வராது. வீட்டு வாசலும் நேராகத் தெரியும்.

பிரகாசி சமையல்கட்டு ஜன்னலில் நின்று அக்காவின் முதுகைப் பார்த்தாள். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. பதினோரு வருஷம் என்பது கணக்கில் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆள் முதுகில் பார்த்தால்தான் தெரிகிறது. அன்று ஆலாவுக்குப் படைக்கிற முறை அவள் வீட்டுக்கு இல்லை. இருந்தும் ஒரு கூடை நெத்திலியை எடுத்துக்கொண்டு, தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, திட்டுக்குப் போனாள்.

அக்காவுக்கும் தனக்கும் நடுவில் வயதான ஆலாவை வைத்து உட்கார்ந்தாள். அந்தப் பறவை பாவம், அன்றிலிருந்து அதற்கு ஓய்வே இல்லை.

"ஆலா, ஒம் பக்கத்துல இருக்கறவுக சாப்பிட்டாகளான்னு கேளு" என்றாள் பிரகாசி.

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லு, ஆலா. சங்குவலசையில சோத்துக்குப் பஞ்சமில்லன்னு சொல்லு."

"முட்டு வலி எப்படி இருக்குன்னு கேளு."

"முட்டு வலின்னு இவளுக்கு யாரு சொன்னான்னு கேளு."

"விசாரிக்காமலா இருப்பாகன்னு சொல்லு."

மிக்கேலம்மாள் சட்டியைச் சரிசெய்துகொண்டு, "அந்த வீட்டு வாசக்கால் தேக்கா வேம்பான்னு கேளு. ரொம்ப நாளா தெரியாமலே இருக்கு" என்றாள்.

பிரகாசி ஆலாவுக்கு ஒரு நெத்திலியை நீட்டினாள். "வேம்புன்னு சொல்லு. உள்ள வந்து தொட்டுப் பாத்தாத் தெரியும்னு சொல்லு."

"அழைச்சா வருவாகன்னு சொல்லு."

"சொந்த வீட்டுக்கு எதுக்கு அழைக்கணும்னு கேளு."

"அப்ப இருக்கட்டும்னு சொல்லு."

தினமும் இதே இடத்தில் வந்துதான் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. மிக்கேலம்மாள் காலைப் பஸ்ஸில் வந்தாள், சாயங்காலப் பஸ்ஸில் போனாள். தங்கை நெத்திலி கொண்டுவந்தால் அக்கா அதைவிடப் பெரிய நெத்திலி கொண்டுவந்தாள். தங்கை சூடைக்கு மாறினால் அக்கா வயிற்றில் சினை உள்ள சூடையாகப் பொறுக்கிக் கொண்டுவந்தாள். போட்டியில் ஆலாக்கள் கொழுத்துப்போய், கிளம்பிப் பறப்பதற்குக் கொஞ்ச தூரம் மணலில் ஓட வேண்டியதாயிற்று. பேச்சுக்கு நடுவில் மாட்டிய வயதான ஆலா, ஒருத்தி பேசினால் அவளைப் பார்க்கும், மற்றவள் பேசினால் இவளைப் பார்க்கும், இருவரும் சேர்ந்து பேசினால் அலகை இறக்கைக்குள் செருகிக்கொள்ளும். "நீயாவது மதினியக் கூட்டிட்டு வாயேன்" என்று வியாகுலம் ஒருநாள் அதனிடம் தனியாகக் கெஞ்சினார். அது அவர் தலையில் கொத்தியது. அவர் சட்டி போட மறந்திருந்தார்.

இதற்குள் தடைக்காலம் முடிகிற நாள் கிட்டே வந்துவிட்டது. விசைப்படகுகளுக்கு டீசல் ஊற்றி வலை ஏற்றியாயிற்று; ஆனால் துறையை விட்டு வெளியே போகிற கால்வாயை அடைத்துக்கொண்டு ஆலாத்திட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கஸ்பார் ஊர்க்கூட்டம் போட்டார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று விருந்தாளியைக் கேட்க முடியாது. அப்படிக் கேட்ட ஊர் என்று பெயர் எடுத்துவிட்டால் கொண்டல்முனைக்கு எவன் பெண் கொடுப்பான்? ஆகவே, வீட்டில் தங்கிவிட்ட சொந்தக்காரர்களுக்கு எல்லோரும் எப்படி ஜாடை காட்டுவார்களோ அப்படியே காட்டுவது என்று முடிவாயிற்று. ஒருவர் திட்டின் பக்கம் போய் நின்று வானத்தைப் பார்த்து, "காத்து மாறப் போவுது, இப்பக் கெளம்புனாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்" என்றார். இன்னொருவர், "பாவம், வீட்டப் போட்டது போட்டபடி வந்திருப்பாக" என்றார். வீட்டோடுதான் வந்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. கடைசியாகக் கஸ்பாரே போய், பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த பஸ் நேர அட்டவணையைக் கிழித்துக் கொண்டுவந்து, திட்டைப் பார்த்து நின்று, மெதுவாகவும் தெளிவாகவும் ஒவ்வொரு பஸ்ஸாக உரக்கப் படித்தார். அதன் பிறகு தினமும் ஒரு வீட்டார் முறை வைத்து அதைப் படித்தார்கள்.

பிரகாசியின் முறை வந்தது. அட்டவணையைக் கையில் வாங்கிக்கொண்டு திட்டின் முன்னால் போய் நின்றாள். ஓரத்தில் அக்கா பித்தளைச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். இந்தத் திட்டு போய்விட்டால் நாளைக் காலைப் பஸ்ஸில் யார் வருவார்கள்? பிரகாசி அட்டவணையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஊரே கேட்க, "அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போவணும்" என்றாள். கரையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். சட்டி இருந்ததால் மணிச்சத்தம் கேட்டது.

திட்டு சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலை, குஞ்சுகள் முதல்முறையாக எல்லாம் சேர்ந்து எழும்பி, துறைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வந்து உட்கார்ந்ததும், திட்டு ஒரு மாட்டு வண்டி கிளம்புகிற மாதிரி லேசாகக் குலுங்கியது. துறைக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர் தெரிந்தது. பிறகு ஒரு முழம். ஊர் சந்தோஷத்தில் என்ஜின்களைக் கிளப்ப ஓடியது. அப்போதுதான் யாரோ பார்த்தார்கள்: திட்டின் ஓரத்தில், முந்தானையை விரித்தபடி, மிக்கேலம்மாள்.

"மதினி! தாவுங்க மதினி!" என்று வியாகுலம் அலறினார்.

மிக்கேலம்மாள் தாவவில்லை. எழுந்து நின்று, சட்டியை நேராக்கிக்கொண்டு, கரையைப் பார்த்துக் கத்தினாள். "வந்தவுக கெளம்புறாக, தெருமுனை வரைக்குமாவது கொண்டுபோயி விடணும்னு இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது தோணிச்சா? எல்லாவனும் என்ஜினப் பிடிக்க ஓடுறான். ஒங்களுக்குத்தான் மொற தெரியல. நா போயி விட்டுட்டு வாறேன்!"

"எப்படித் திரும்பி வருவ?" என்றார் கஸ்பார்.

மிக்கேலம்மாள் அதை யோசித்திருக்கவில்லை. யோசிக்காதது அவள் முகத்தில் தெரிந்தது, அதைவிட, இனி இறங்க மாட்டாள் என்பதும் தெரிந்தது. நீச்சல் தெரியாதவள். திட்டு துறையைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

வாசக்காலைப் பற்றி ஒரு பறவையிடம் விசாரித்துவிட்டு, அதற்குள் கால் வைக்காமலே அக்கா கடலோடு போய்விடுவாளோ என்று நினைத்தபோது, பதினோரு வருஷத்து நியாயமும் பிரகாசிக்குத் துரும்பாகப் போயிற்று. வியாகுலம் 'விடிவெள்ளி'யைக் கிளப்பிவிட்டு, "ஏறு ஏறு" என்று கத்தினார். அவள் ஏறவில்லை. வீட்டுக்குள் ஓடினாள்.

"அக்கா கடல்ல போறா, நீ எங்க போற?"

"தட்டு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எவர்சில்வர் தட்டு கிடைத்தது. சர்க்கரை கிடைத்தது. வெற்றிலை கணவரின் பெட்டியில் இருந்தது. பழம் இல்லை, கஸ்பார் பெண்டாட்டி தன் வீட்டுத் தாரிலிருந்து ஒரு சீப்பை முறித்துச் சுவருக்கு மேலாக எறிந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து மயில்கழுத்துச் சேலையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, தலையில் சட்டியோடு பிரகாசி படகில் ஏறினாள். பூமிநாதனும் தொற்றிக்கொண்டார். அவர் இல்லாமல் படகு ஆலாத்திட்டுக்குப் போகக் கூடாது.

திட்டு தன் பழைய இடத்துக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்தபோதுதான் அவர்கள் அதை எட்டிப் பிடித்தார்கள். வியாகுலம் படகைத் திட்டோரமாக நிறுத்தினார். பிரகாசி இறங்கக் காலை எடுத்தாள். பூமிநாதன் குறுக்கே கையை நீட்டினார்.

"யக்கா, மன்னிச்சுக்கங்க. படகுல வந்து எறங்கக் கூடாது."

"எங்க அக்கா அங்க நிக்கிறா!"

"தெரியுது. ஆனா சட்டம்."

ஆகவே பிரகாசி படகின் முனையில், எந்த இடத்தில் நின்று அவள் புருஷன் ஆலாக்களை அழைத்தாரோ அதே இடத்தில் நின்றாள். மிக்கேலம்மாள் மணலின் ஓரத்துக்கு வந்து நின்றாள். நடுவில் ஒரு பாய் அகலத் தண்ணீர். ஆலாக்கள் எல்லாம் சத்தத்தை நிறுத்திவிட்டு இவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தன. இத்தனை வருஷம் படகில் வந்து தங்களை வேடிக்கை பார்த்த மனிதர்களை அவை அன்றைக்குத்தான் முதல்முறையாக வேடிக்கை பார்த்திருக்க வேண்டும்.

பிரகாசி இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள். நடுவில் பறவை இல்லாமல், நேராக, "அக்கா" என்றாள். "வீட்டுக்கு வரணும் அக்கா."

மிக்கேலம்மாள் தட்டைப் பார்த்தாள். வெற்றிலையைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், சர்க்கரை இருக்கிறதா என்று எக்கிப் பார்த்தாள். சேலையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எதுக்கு அழைக்கிற? என்ன விசேஷம்?" என்றாள்.

"பால்காய்ச்சு."

"யாரு வீட்டுப் பால்காய்ச்சு?"

"எங்க வீட்டு... நம்ம வீட்டுப் பால்காய்ச்சு, அக்கா."

"என்னைக்கு?"

பின்னால் என்ஜின் கைப்பிடியைப் பிடித்திருந்த வியாகுலம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி" என்றாள் பிரகாசி. "ஆவணி மாசம். புதன்கெழம."

மிக்கேலம்மாள் கடல் பக்கம் திரும்பி, வெற்றிலைச் சாற்றைத் துப்பி, விரலை மடக்கி மடக்கி ஏதோ யோசித்தாள்.

"புதன்கெழமயா" என்றாள். "அன்னைக்கு எனக்கு வேற சோலி ஒண்ணுமில்ல. வாறேன்."

வியாகுலம் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூமிநாதன் தொண்டையைச் செருமினார். "எறங்கக் கூடாதுன்னுதான் சட்டம். திட்டுலேர்ந்து படகுல ஏறுறதுக்கு ஒரு தடையும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்று, மிக்கேலம்மாள் ஏறத் தோள் கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்து, வயதான ஆலாவுக்குக் கையைக் காட்டினாள். வியாகுலம் பழக்கதோஷத்தில் கையைக் கூப்பி, "குடும்பத்தோட..." என்று ஆரம்பித்தார். அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் அவர் வாயைப் பொத்தினார்கள்.

அன்று பிரகாசி வீட்டில் பால் காய்ச்சினார்கள். சாமியார் மறுபடியும் வந்து செபம் சொல்லி வீடு மந்திரித்தார். கடலுக்குப் போக வேண்டிய படகெல்லாம் ஒரு நாள் தள்ளிப் போட்டன. பால்காய்ச்சு அன்று கடலுக்குப் போனால் நன்றாயிருக்காது. மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த மிக்கேலம்மாள், உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் வாசக்காலைக் கையால் தடவினாள், நகத்தால் சுரண்டினாள், மோந்து பார்த்தாள்.

"வேம்புதான்" என்றாள். பிறகு, "இத்தன வருஷத்துல இதுக்கு ஒரு தடவையாவது எண்ணெ போட்டியாட்டி? எப்படி வெடிச்சுப் போயிக் கெடக்கு பாரு" என்று தங்கையை வாசலில் வைத்தே ஏசினாள். பிரகாசி ஏச்சு வாங்கிக்கொண்டே அழுதாள். உள்ளே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யாரும் போய் இறக்கவில்லை.

சாயங்காலம் அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் பிரகாசி நிறுத்தம் வரைக்கும் போனாள். பஸ் வந்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததால் போய்விட்டது. அடுத்த பஸ் வந்தது, கண்டக்டர் விசில் ஊதிப் பார்த்தார், அதுவும் போய்விட்டது. நிறுத்தத்தில் அட்டவணை ஒட்டியிருந்த இடம் வெறுமனே கிடந்தது. அட்டவணை பிரகாசியின் இடுப்பில்தான் இருந்தது; ஊரில் ஒருவரும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வரவில்லை.